பெல்ட் தின்னும் வண்டி

முதலில் ரப்பர் கருகும் நாற்றம். அது என்ன என்று யோசிப்பதற்குள் சீட்டுக்கு அடியில் யாரோ சாட்டையை வீசுவதுபோல் நாலைந்து அடி. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமுகிறது, வண்டி அசையவில்லை. பாதி மேட்டில், பின்பெட்டி நிறையக் கல்லோடு, பிரேக்கில் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் ஓடிய மணி நேரத்தை எண்ணும் மீட்டரில் 643.

சைடு பை சைடு வண்டியைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஓட்டுபவரும் கூட வருபவரும் அடுத்தடுத்த சீட்டில் உட்காருவார்கள். கார் மாதிரி ஸ்டியரிங், பெடல். தலைக்கு மேலே இரும்புக் குழாய்க் கூண்டு, பின்னால் கவிழ்க்கும் பெட்டி, பெரும்பாலும் நாலு சக்கரமும் இழுக்கும். குதிரைமேல் ஏறுவதுபோல் காலைப் போட்டு உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடிக்கும் குவாட் வேறு ஜாதி. கவாசாகி 1988-ல் இப்படியொரு வண்டியை இறக்கி அதற்கு 'மியூல்' என்று பெயர் வைத்தது. கோவேறு கழுதை. இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. வேகத்துக்கு அல்ல, பொதி சுமக்க.

என்னுடையது வேறு கம்பெனி, கைமாறி வந்தது. வாங்கும்போது மீட்டர் 612 மணி காட்டியது. இந்த வண்டிகளுக்குக் கிலோமீட்டரைவிட மணிக்கணக்குதான் கணக்கு. நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடும் நேரமும், நடை வேகத்தில் ஊரும் நேரமும்தான் அதிகம். என் நோட்டிலும் எல்லாப் பதிவும் மணியில்தான். வாங்கிய அன்று சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் ரப்பர் பெல்ட், பாதி தேய்ந்த பழசு இரண்டு, அடியில் சுருட்டி வைத்திருந்தது. பழைய உரிமையாளர் முன்யோசனைக்காரர் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் சரியாக முப்பத்தொரு மணி நேரம் நீடித்தது.

643 மணி. பெல்ட் கவரைத் திறக்கப் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் கை தாராளமாக நுழையும். கவரில் எட்டு போல்ட், எல்லாம் 10 மி.மீ சாக்கெட். ஒன்பதாவது ஒன்று ஃபிரேம் குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அது தெரியாமல் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பி, கவரின் ஓரத்தில் ஒரு கீறலை வாங்கினேன். இன்றைக்கும் அந்த இடத்தில் சிலிக்கான் பூசிய தழும்பு இருக்கிறது. திறந்தால் உள்ளே பெல்ட் என்று சொல்ல எதுவுமில்லை. கருப்புப் பொடி, ரப்பர் பற்கள், தலைமுடி மாதிரி சிக்குப் பிடித்த நூல் கற்றை.

அந்த நூலைச் சும்மா விடக்கூடாது. முன் கிளட்ச்சின் பின்பக்கம், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் வெளியே வரும் இடத்தில் ஒரு ஆயில் சீல் இருக்கிறது. நூல் போய் அங்கே சுற்றிக்கொண்டால் சீலை அறுக்கும். அப்புறம் எஞ்சின் ஆயில் கசிந்து புது பெல்ட்டில் படும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, வளைந்த மூக்குக் குறடால் நூல் நூலாக இழுத்தேன். ஒன்றரை மணி நேரம் போனது இதற்குத்தான். பெல்ட் மாட்ட இருபது நிமிடம்.

பெல்ட் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். இரண்டு கப்பி, கிளட்ச் என்பதும் இவற்றைத்தான். ஒவ்வொன்றும் எதிரெதிராக வைத்த இரண்டு கூம்புத் தட்டு. முன்கப்பி எஞ்சின் கிராங்கில் நேராக உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் வேகமெடுத்தால் அதற்குள் இருக்கும் எடைகள் வெளிப்பக்கம் விசிறி, ஒரு தட்டை மற்றதோடு நெருக்கும். நடுவில் இருக்கும் பெல்ட் பிதுங்கி மேலே ஏறும். அதே நேரம் பின்கப்பியில் ஸ்பிரிங்கை மீறித் தட்டுகள் விலக, பெல்ட் அங்கே உள்ளே இறங்கும். கியர் மாறுவது இவ்வளவுதான். பல்சக்கரம் கிடையாது, படி கிடையாது. பிடிப்பு முழுக்க ரப்பரின் இரண்டு பக்கவாட்டிலும் நடக்கும் உரசல். உரசினால் சூடு. அதனால் கவருக்குள் காற்று வர ஒரு குழாய், போக ஒரு குழாய். முன்கப்பியின் முதுகில் வார்த்திருக்கும் சிறகுகள் விசிறிபோல் அந்தக் காற்றைத் தள்ளும்.

அன்றைக்கு நான் குற்றத்தை என்மேலேயே போட்டுக்கொண்டேன். பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கியர்பெட்டியில் ஹை, லோ என்று இரண்டு கியர் உண்டு. சுமையோடு மேடு ஏறும்போது ஹை கியரில் விட்டிருந்தேன். அது தப்புதான். மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குக் கீழே ஊர வேண்டுமென்றாலும், சுமை இழுப்பதானாலும் லோ கியர் போட வேண்டும். ஹையில் ஊர்ந்தால் முன்கப்பி பெல்ட்டை முழுசாக இறுக்காது. எஞ்சின் சுற்றும், பெல்ட் வழுக்கும், ஒரே இடத்தில் தேய்ந்து எரியும். அப்படி எரிந்த பெல்ட் அறுந்துபோகாவிட்டாலும், கிளம்பும்போதெல்லாம் 'டொக் டொக்' என்று ஒரு பள்ளம் சுற்றி வரும்.

புது பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்தேன். அச்சிலிருந்து எடுக்கத் தடவும் வழுவழுப்பு மேலே ஒட்டியிருக்கும், அது போக வேண்டும். கப்பித் தட்டுகளைத் தேய்ப்பானால் குறுக்குவாட்டில் தேய்த்து, பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடைத்தேன், துணியில் கருப்பு வராத வரைக்கும். பெல்ட்டில் அச்சடித்த அம்புக்குறி சுழலும் திசையைப் பார்க்கும்படி மாட்டினேன். வெர்னியர் அளவுகோலில் பெல்ட்டின் அகலம் 30.2 மி.மீ, நோட்டில் எழுதினேன். முதல் ஐம்பது கிலோமீட்டர் சுமையில்லாமல், வேகத்தைக் கூட்டிக் குறைத்து மெதுவாக ஓட்டினேன். எல்லாம் புத்தகத்தில் போட்டபடி.

681 மணி. மறுபடியும் அதே நாற்றம், அதே சாட்டை. இந்த முறை லோ கியர்தான். சுமையும் பாதிதான்.

முப்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு பெல்ட். லேத் வைத்திருக்கும் பெரியவரிடம் கிளட்ச்சைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"என்ன தம்பி, மறுபடியும் பெல்ட்டா?"

"ஆமாண்ணே. புதுசு. ரெண்டு மாசம்கூட ஆகலை."

அவர் பின்கப்பியைக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தார். முன்கப்பிக்குள் எடையாக இருக்கும் ரோலர்களை ஒவ்வொன்றாக விரலில் உருட்டினார். ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் தட்டு தடுமாறி நகரும், பெல்ட் வழுக்கும். இதில் எல்லாம் வட்டமாகவே இருந்தன. தட்டில் பெல்ட் அரித்த வரப்பு இருக்கிறதா என்று நகத்தை மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தார். நகம் எங்கும் தட்டவில்லை. "கிளட்ச் சுத்தம். பெல்ட்தான் மட்டம்," என்று தீர்ப்புச் சொன்னார். கம்பெனி பெல்ட்டையே வாங்கினேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. சீட்டுக்கு அடியில் கிடந்த அந்தப் பழைய பெல்ட் இரண்டும் இப்போதுதான் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தன. முன்யோசனையாவது ஒன்றாவது. அவரும் இதே பாட்டைத்தான் பட்டிருக்கிறார்.

மூன்றாவதை மாட்டியதும் ஒரு வேலை செய்தேன். மல்டிமீட்டரோடு வந்த, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியின் நுனியைப் பெல்ட் கவரின் காற்று வெளியேறும் குழாய்க்குள் ஒரு சாண் விட்டு, டேப் சுற்றி, மீட்டரை டேஷ்போர்டில் ஒட்டினேன். லோ கியர், பெட்டியில் இருநூறு கிலோ, அதே மேடு. பத்து நிமிடத்தில் 104 டிகிரி. நிறுத்தினேன். குழாயில் வரும் காற்றே இந்தச் சூடு என்றால் ரப்பர் இன்னும் அதிகத்தில் வெந்துகொண்டிருக்கும்.

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். வண்டியை நியூட்ரலில் போட்டு நான் எஞ்சினை முறுக்க, அவனைக் குழாய் வாயில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"என்னடா, காத்து எப்படி வருது?"

"காத்தே இல்ல மாமா. லேசா மூச்சு விடுற மாதிரி இருக்கு."

காற்று வெளியே வரவில்லை என்றால் உள்ளே போகவில்லை. உள்ளிழுக்கும் குழாய் கவரிலிருந்து கிளம்பி, சீட்டின் பின்பக்கமாக ஏறி, கூண்டுக் குழாயை ஒட்டித் தோள் உயரத்தில் வாய் திறக்கிறது. வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். முன்பே இரண்டு முறை அப்படிப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறேன். ஆனால் குழாய் நடுவில் ஓர் எல் வளைவு எடுக்கிறது. அங்கே டார்ச் வெளிச்சம் திரும்பாது.

இரண்டு கிளாம்பைத் தளர்த்தி வளைவைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. விரலை விட்டால் கட்டியாக எதுவோ தட்டுப்பட்டது. ஸ்குரூ டிரைவரால் குத்தினேன். மண். காய்ந்து, கல்லாக இறுகிய மண். குளவிக்கூடு. குழாயின் முக்கால் வாசியை அடைத்து, நாலைந்து அறை அடுக்கி, நிதானமாகக் கட்டியிருந்தது. உடைத்துக் கையில் கொட்டினால் ஒவ்வொரு அறையிலும் காய்ந்துபோன சிலந்திகள், மடங்கிய காலோடு, எட்டுப் பத்து. ரப்பர் குழாயின் உள் வரிப்பள்ளங்களின் அச்சு அந்த மண்ணில் அப்படியே பதிந்திருந்தது. பையன் அதை உடைக்கவே விடவில்லை. பாதிக் கூட்டை ஒரு டப்பாவில் போட்டு ஊருக்கு எடுத்துப்போய்விட்டான்.

வண்டி எங்கோ ரொம்ப நாள் ஓடாமல் நின்றிருக்க வேண்டும். இருட்டு, மழை படாத இடம், எல்லா நேரமும் திறந்த வாசல். குளவிக்கு வேறென்ன வேண்டும்?

குழாயைக் கழுவி மாட்டிவிட்டு அதே மேடு, அதே இருநூறு கிலோ, அதே பத்து நிமிடம் ஓட்டினேன். 71 டிகிரி. குழாய் வாயில் கையை வைத்தால் தலைமுடி உலர்த்தும் மெஷின் மாதிரி ஊதுகிறது. இரண்டு பெல்ட்டை நான் தின்னக் கொடுத்தேன், முன்னவர் எத்தனை கொடுத்தாரோ.

பெல்ட் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. ஹோண்டா பயனியர் 1000-ல் இரட்டை கிளட்ச் கியர்பெட்டி. கூபோட்டாவின் டீசல் ஆர்டிவிகளில் ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தமே சக்கரத்தைச் சுற்றுகிறது. ஆனால் அவற்றில் ஏதாவது போனால் நடுக்காட்டில் இருபது நிமிடத்தில் மாற்றிக்கொண்டு வீடு திரும்ப முடியாது. பெல்ட் மாற்றத் தெரிந்தவன் பெல்ட்டைத் திட்டலாம், பயப்பட வேண்டியதில்லை. சீட்டுக்கு அடியில் இப்போது ஒரு புது பெல்ட், 10 மி.மீ சாக்கெட், பின்கப்பியை விரிக்கும் நீள போல்ட், மூன்றும் ஒரே பையில் கிடக்கின்றன.

706 மணி. ஓடையைத் தாண்டியதும் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஒரு கணம் வயிறு கலங்கியது. நாற்றம் இல்லை, அதனால் ஆறுதல். கவருக்குள் தண்ணீர் போய்விட்டது. கவரின் அடியில் ஒரு ரப்பர் அடைப்பான் இருக்கிறது. பிடுங்கினால் ஒரு குவளைத் தண்ணீர் கொட்டும். அப்புறம் நியூட்ரலில் எஞ்சினை ஒரு நிமிடம் முறுக்கிக் காய வைத்து, லோ கியரில் கிளம்பினேன். அவ்வளவுதான்.

724 மணி. பின்இடது சக்கரத்திலிருந்து வண்டு ரீங்காரம். வேகத்தோடு ஏறியது, பிரேக் பிடித்தாலும் நிற்கவில்லை. ஜாக்கியில் தூக்கி, டயரைக் கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் 'களுக் களுக்'. பேரிங் போயிருந்தது.

இதை நானே மாற்றினேன், முதல் முறை தப்பாக. பேரிங்கைப் பிடித்து வைக்கும் வளையமான சர்க்ளிப்பைக் கழற்றாமலே சுத்தியலால் அரை மணி நேரம் அடித்தேன். சேறு அப்பியிருந்ததில் சர்க்ளிப் கண்ணில் படவேயில்லை. சுரண்டியதும் பல்லிளித்துக்கொண்டு தெரிந்தது. அதை எடுத்த பிறகு பழைய பேரிங் நாலு அடியில் வெளியே வந்தது. புது பேரிங்கை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன். பேரிங் உட்காரும் அலுமினிய நக்கிளை, சூடான காற்றை ஊதும் ஹாட் கன்னால் சுட வைத்தேன். குளிரில் பேரிங் சுருங்கும், சூட்டில் அலுமினியம் விரியும். இரண்டையும் சேர்த்தால் கிட்டத்தட்டக் கையாலேயே உட்கார்ந்துவிடுகிறது. கடைசி அரை அங்குலத்துக்குப் பழைய பேரிங்கின் வெளி வளையத்தை மேலே வைத்து பெஞ்ச் வைஸில் அழுத்தினேன். அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் தடத்தில் குழி போட்டுவிடும், புது பேரிங் முதல் நாளே ரீங்காரம் பாடும்.

பழைய பேரிங்கை அறுத்துப் பார்த்தேன். உள்ளே கிரீஸ் இல்லை, செம்மண் நிறத்தில் துருக்குழம்பு. சக்கரம் பளபளக்க வேண்டும் என்று பிரஷர் வாஷரை நேராக ஹப்பில் பிடித்தது நான்தான். சேறைத் தடுக்கும் சீல் அந்த வேகத்துத் தண்ணீரைத் தடுக்காது. இப்போது பேரிங், பால் ஜாயின்ட், ஆக்ஸிலின் ரப்பர் பூட் பக்கமெல்லாம் தோட்டத்துக் குழாய்த் தண்ணீர் மட்டும்தான். கழுவி முடித்ததும் சஸ்பென்ஷன் புஷ்களின் கிரீஸ் நிப்பிளில் கன்னை வைத்து, ஓரத்தில் பழைய கிரீஸ் பிதுங்கும் வரை அடிக்கிறேன். உள்ளே போன தண்ணீரும் அதோடு வெளியே வந்துவிடும்.

760 மணி வாக்கில் ஸ்டியரிங் விளக்கு எரிந்தது, பவர் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. ஸ்டியரிங் மோட்டார்தான் போய்விட்டது என்றார்கள் இரண்டு பேர். பேட்டரியின் எர்த் போல்ட் தளர்ந்திருந்தது. 10 மி.மீ ஸ்பேனர், அரைத் திருப்பு.

790 மணி. வெயிலில் மெதுவாக ஊரும்போது மட்டும் டெம்பரேச்சர் ஏறியது. ஃபேன் ஓடுகிறது, கூலன்ட் நிறைய இருக்கிறது. ரேடியேட்டர் முன்னாலிருந்து பார்க்கச் சுத்தம். இதற்குள் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருந்தது, முன்பக்கத்தை நம்பவில்லை. கிரில்லைக் கழற்றி, ரேடியேட்டருக்குப் பின்னால் விளக்கைப் பிடித்து முன்னாலிருந்து பார்த்தேன். பாதி இடத்தில் வெளிச்சமே வரவில்லை. டயர் அள்ளி வீசும் சேறு தகடுகளுக்கு நடுவில் காய்ந்து, அதன்மேல் புல் விதை பஞ்சாக அடைந்திருந்தது. முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் அது இன்னும் உள்ளேதான் போகும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில், பொறுமையாக விட வேண்டும். முக்கால் மணி நேரம் பழுப்புத் தண்ணீர் வந்தது. தகடுகள் காகிதம் மாதிரி. வேகமாக அடித்தால் மடங்கி நிரந்தரமாக மூடிக்கொள்ளும். மடங்கிய சிலவற்றைச் சட்டைப் பின்னின் முனையால் நிமிர்த்தினேன். கண் எரிந்தது, ஆனால் ஏனோ பிடித்திருந்தது.

800 மணிக்கு எண்ணெய் எல்லாம் மாற்றும் நாள். எஞ்சின் ஆயில், பின் கியர்பெட்டி, முன்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் முன் டிஃபரென்ஷியல், மூன்றுக்கும் மூன்று வேறு எண்ணெய். ஒன்றை மற்றதில் ஊற்றிவிடக் கூடாது என்று ஃபன்னல்களுக்கே வேறு வேறு நிற டேப் சுற்றியிருக்கிறேன். முன் டிஃபரென்ஷியலில் எண்ணெய் பால் நிறத்தில் வந்தது. தண்ணீர். சூடான பெட்டி திடீரென்று ஓடைத் தண்ணீரில் முங்கினால் உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, சுவாசக் குழாய் வழியாகத் தண்ணீரை இழுக்கும். அந்தக் குழாயின் நுனி கிளிப்பிலிருந்து நழுவி ஃபிரேமுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, ஸ்ட்ரா மாதிரி. மேலே டேஷ்போர்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினேன். எண்ணெயை ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றினேன். இரண்டாவது முறை தெளிவாக வந்தது.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒன்றே ஒன்று. ஃபில்டர் அழுக்கா என்று பார்ப்பதைவிட, அதை எடுத்துவிட்டு அதற்குப் பின்னால் எஞ்சினுக்குப் போகும் குழாய்க்குள் விரலைத் தடவிப் பார்க்க வேண்டும். விரலில் தூசி வந்தால் ஃபில்டரின் விளிம்பு சரியாக உட்காரவில்லை, எஞ்சின் மணலைத் தின்கிறது. விளிம்பில் கிரீஸை மெல்லிசாகத் தடவி உட்கார வைக்கிறேன். காகித ஃபில்டரை கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கத்தை விட்டுவிட்டேன்; காகிதத்தில் ஓட்டை விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது.

862 மணியில் நடந்தது ரிப்பேர் கணக்கில் வராது, ஆனாலும் நோட்டில் இருக்கிறது. பின்பெட்டியில் முந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. பாதி தான் நிறைந்திருந்தது, நூற்றைம்பது கிலோ. பெட்டி தாங்கும் சுமையில் பாதிகூட இல்லை. சரிவில் திரும்பும்போது தண்ணீர் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தது. மேல்பக்கத்துச் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. சரிவின் போக்கிலேயே ஸ்டியரிங்கைத் திருப்பியதால் இறங்கி உட்கார்ந்தன. கவிழும் வண்டியில் முதலில் தோன்றுவது கையை வெளியே ஊன்றத்தான். என் கையும் பாதி வெளியே போயிருந்தது. கூண்டு காப்பாற்றுவது சீட் பெல்ட் போட்டு உள்ளே இருப்பவனைத்தான். அன்று போட்டிருந்தேன். இப்போது தொட்டியை ஒன்று முழுசாக நிரப்புகிறேன், இல்லை காலியாகக் கொண்டுபோகிறேன்.

மூன்றாவது பெல்ட் இன்னும் ஓடுகிறது. 900 மணியில் கழற்றி அளந்தேன்: 29.6 மி.மீ. பக்கவாட்டில் கண்ணாடிப் பளபளப்பு இல்லை, பற்களின் அடியில் வெடிப்பு இல்லை. புரட்டிப் பார்த்துவிட்டு அதே திசையில் மாட்டினேன்.

உள்ளிழுக்கும் குழாயின் வாயில் துருப்பிடிக்காத கம்பி வலை ஒன்றை வெட்டி, கிளாம்பில் இறுக்கியிருக்கிறேன். ஈ நுழையும், குளவி நுழையாது. வலையிலும் பஞ்சு அடைகிறது என்பதால் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கையால் தட்டிவிட வேண்டியிருக்கிறது. போன வாரம் தட்டப் போனபோது வலையின் ஓரத்தில் ஈர மண் ஒரு பட்டாணி அளவுக்கு ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன். மறுநாள் அதே மண், கூண்டுக் குழாயின் வெல்டிங் மூலையில், கொஞ்சம் பெரிசாக. அங்கே காற்று எதுவும் போவதில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

911 மணி. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் முன்இடது டை ராட் முனையில் ஆட்டம் தெரிகிறது. பாகம் சொல்லியிருக்கிறது.